ஃபேமிலி சேஃப்டி ஆப் ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்: மேப் ஓகே, அலர்ட் ஃபீட் மகா தொல்லை

ஆப் பேரு சொல்லல, இந்த வகை ஆப் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், மேப்ல குடும்பத்துல யாரு எங்க இருக்காங்கன்னு புள்ளி புள்ளியா காட்டும், ஆபத்துல உதவி கேக்க ஒரு எஸ்ஓஎஸ் பட்டன், வண்டி ஓட்டினா ஸ்பீடு ரிப்போர்ட், அப்புறம் "உங்க அருகில் நடந்த சம்பவங்கள்"னு ஒரு ஃபீட். வழக்கமா பெத்தவங்கதான் பிள்ளைய கண்காணிக்க இத போடுவாங்க, எங்க வீட்ல உல்டா, என் பொண்ணே கேட்டா. வயசு 16. "நான் எங்க இருக்கேன்னு யாருக்காவது தெரிஞ்சுட்டே இருக்கணும்மா"ன்னா. அத கேட்டதும் எனக்கு கொஞ்சம் பக்குன்னு இருந்துச்சு, சரின்னு வருஷ சப்ஸ்கிரிப்ஷனே போட்டுட்டேன்.

முதல்ல லொகேஷன். வெட்டவெளியில நல்லா காட்டுது, போன் ஜிபிஎஸ்ஸே திறந்த இடத்துல சுமார் 5 மீட்டர் வரைக்கும் சரியா இருக்கும். கட்டடத்துக்குள்ள போனாத்தான் சிக்கல், சாட்டிலைட் சிக்னல் சரியா கிடைக்காது, அப்ப வைஃபை, டவர் வச்சு ஒரு குத்துமதிப்பு போடும். ஒரு நாள் கிளாஸ்ல உக்காந்திருந்தவள ரெண்டு தெரு தள்ளி காட்டுச்சு, நான் போன் அடிச்சு அவ எடுக்காம, அந்த இருபது நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, பேட்டரி சேவர் ஆன்ல இருந்தா போன் இந்த ஆப்ப பின்னாடி ஓட விடாது, அப்ப மேப்ல தெரியுறது ஒரு மணி நேரத்துக்கு முந்தின இடம். புள்ளிக்கு கீழ "கடைசி அப்டேட்"னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அத பாக்காம பதறாதீங்க.

எஸ்ஓஎஸ் பட்டனுக்காக மட்டும் வாங்குறதா இருந்தா வேணாம். ஐபோன்லயும் புது ஆண்ட்ராய்டு போன்ங்கள்லயும் பவர் பட்டன தொடர்ந்து சில தடவ வேகமா அடிச்சா அவசர கால் போற வசதி போன்லயே இருக்கு, செட்டிங்ஸ்ல ஆன் பண்ணி வச்சா போதும், காசு கிடையாது.

இப்ப ஃபீடுக்கு வர்றேன், இந்த ரிவ்யூ எழுதுறதே இதுக்காகத்தான். காலைல எந்திரிச்ச உடனே கத்திக்குத்து, வழிப்பறி, ஆள் காணோம்னு வரிசையா வரும். "அருகில்"னு பேரு, ஆனா தூரத்தையும் தேதியையும் உள்ள போய் பாத்தாத்தான் தெரியும், பல சமயம் ரொம்ப தூரத்துல எப்பவோ நடந்ததா இருக்கும். ஆனா நோட்டிஃபிகேஷன் சத்தம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மூணே மாசத்துல என் பொண்ணு சாயங்காலம் வெளிய போறதையே குறைச்சுட்டா. பயம் போகட்டும்னு வாங்கின சாமான் பயத்த டெலிவரி பண்ணுது. ஜார்ஜ் கெர்ப்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970-கள்லயே டிவிய வச்சு இத சொல்லிட்டாரு, நிறைய டிவி பாக்குறவங்களுக்கு உலகம் நிஜத்த விட மோசமான இடமா தெரியுதுன்னு. அவர் காலத்து டிவிய ஆஃப் பண்ணிட்டு தூங்கலாம், இது தலகாணி பக்கத்துலயே கிடக்கு.

என் அப்பா சிரிச்சாரு. "நாங்கல்லாம் ராத்திரி தனியா நடக்கலையா, இப்ப பிள்ளைங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுது"ன்னு ஆரம்பிச்சாரு. நானும் பாதி ஆமோதிச்சேன், ஏன்னா கணக்கு அவர் பக்கம்தான், ஆபத்து அப்பத்தான் அதிகம். 1950 வாக்குல உலகத்துல பொறந்த குழந்தைங்கள்ல அஞ்சுல ஒண்ணுக்கு மேல 5 வயச தாண்டல, இப்ப அது 27-ல ஒண்ணு மாதிரி. பெரியம்மை வந்தவங்கள்ல பத்துல மூணு பேர் போயிடுவாங்க, அது ஒழிஞ்சதா அறிவிச்சதே 1980-லதான். அவர் தலைமுறைலதான் 1950-கள்ல அமெரிக்க ஸ்கூல் பிள்ளைங்க அணுகுண்டு விழுந்தா டெஸ்குக்கு அடியில ஒளிய பயிற்சி எடுத்துச்சுங்க (டெஸ்கு என்ன பண்ணும்னு யாரும் கேக்கல போல). ஆனா பொண்ணும் விடல, "தாத்தா, அதே அமெரிக்காவுல 2020-லேர்ந்து என் வயசு பிள்ளைங்க சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி, நாங்க சும்மா பயப்படல"ன்னா. அது உண்மைதான், 1 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்க கணக்கு அது. அப்பா கம்முனு ஆயிட்டாரு.

இதெல்லாம் பாத்துட்டு உக்காந்திருந்தது என் பாட்டி, அம்மாவோட அம்மா, முகத்துல அம்மைத் தழும்போட. அஞ்சு பெத்து மூணு மிஞ்சினவங்க. பொண்ணு அவங்களுக்கு ஆப்ப காட்டி, வீடு, ஸ்கூல்னு இடம் குறிச்சு வச்சா ஆள் கிளம்பினதும் சேந்ததும் மெசேஜ் வரும்னு விளக்கினா. பாட்டி ரொம்ப நேரம் மேப்பயே பாத்துட்டு ஒண்ணு கேட்டாங்க. "அந்த மனுஷன் வீட்டுக்கு கிளம்பிட்டாருன்னு இது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்குமா?"

அந்த மனுஷன்னு அவங்க சொன்னது என் தாத்தாவ, அவங்க வீட்டுக்காரர. அவர் குடிப்பாருன்னு தெரியும், அடிப்பாருன்னு அன்னிக்குத்தான் தெரியும். அப்பா சொல்ற அந்த பயமில்லாத காலம் யாருக்கு பயமில்லாம இருந்துச்சுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இப்பவும் அது முடிஞ்சு போன கதை இல்ல, ஐநா கணக்குல 2023-ல உலகத்துல கொலையான பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேர், அதுல 60 சதவீதத்த கொன்னது கூட வாழ்ந்தவனோ சொந்தக்காரங்களோதான். இந்த ஆப்போட மேப்ல நம்ம வீடு மட்டும் பச்சை கலர்ல, "பாதுகாப்பான இடம்"னு டீஃபால்ட்டா வருது. மாத்தவும் முடியல, நான் தேடிப் பாத்துட்டேன்.

டிரைவிங் ரிப்போர்ட்தான் யாரும் கண்டுக்காத நல்ல ஃபீச்சர். 5-லேர்ந்து 29 வயசு வரைக்கும் சாவுக்கு உலக அளவுல முதல் காரணம் சாலை விபத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வருஷத்துக்கு சுமார் 11.9 லட்சம் பேர். ஓட்டும்போது போன நோண்டினா இந்த ரிப்போர்ட் காட்டிக் கொடுத்துடும், எங்க வீட்ல அதிகமா மாட்டினது நான்தான். இத நாலாவது டேப்ல ஒளிச்சு வச்சுட்டு கத்திக்குத்த முகப்புல வச்சிருக்கானுங்க.

பிரைவசி பத்தி ஒரு வரி, இந்த மாதிரி ஆப் கம்பெனி லொகேஷன் டேட்டாவ வித்த செய்தி 2021-லயே வந்துச்சு, அதனால போட்ட அன்னிக்கே டேட்டா ஷேரிங்க ஆஃப் பண்ணுங்க.

5-க்கு 2.5 குடுக்குறேன், அந்த அரை மார்க் பாட்டிக்காக. ஃபீட நிறுத்த செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன், "சமூக எச்சரிக்கைகள்", அதுக்குள்ள இருக்குற "மேலும்", அங்கதான் சுவிட்ச். அப்டேட் வந்தா திரும்ப ஆன் ஆயிடும். பொண்ணு போன்ல நிறுத்தி அஞ்சு வாரம் ஆச்சு, நேத்து ஃப்ரெண்ட்ஸோட வெளிய போயிட்டு ஏழரைக்குத்தான் வந்தா, பேட்டரி 4 சதவீதம்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு.