திகைக்க வைப்பதா, களைக்க வைப்பதா?

உலக செஸ் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய இரண்டு மேட்ச்களை அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால், ஜெயிப்பதற்கு நேரெதிரான இரண்டு வழிகள் தெரியும்.

2008, ஜெர்மனியின் பான் நகரம். எதிரில் ரஷ்யாவின் கிராம்னிக், முன்னாள் உலக சாம்பியன். வெள்ளைக் காய் என்றால் பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுபவர் ஆனந்த். அங்கே ராணிச் சிப்பாயைத் தள்ளினார். அதைவிடப் பெரிய அடி கறுப்புக் காய்களோடு ஆடியபோது விழுந்தது. 3ஆம் ஆட்டத்தில் மெரான் என்ற ஓபனிங்கின் (ஆட்டத் தொடக்க நகர்த்தல் வரிசையின்) மிகச் சிக்கலான கிளைக்குள் கிராம்னிக்கை இழுத்து வென்றார். 5ஆம் ஆட்டத்திலும் அதே பாதை. கிராம்னிக் மருந்து தேடி வந்திருப்பார் என்று 15ஆம் நகர்த்தலில் மட்டும் மாற்றினார், மறுபடியும் வெற்றி. முடிவு 6½–4½ என்று ஆனந்துக்கு வெற்றி. இதற்குப் பின்னால் நீல்சன், காசிம்ஜானோவ், கங்குலி, வோய்தாசெக் என கிராண்ட்மாஸ்டர்கள் குழுவே மாதக்கணக்கில் உழைத்திருந்தது.

2013, சென்னை. எதிரில் நார்வேயின் 22 வயது கார்ல்சன். அவர் ஓபனிங்கில் எதையும் சாதிக்க முயலவில்லை. சமநிலை கிடைத்தால் போதும், மிச்சத்தைப் பலகையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார். 5, 6ஆம் ஆட்டங்கள் அடுத்தடுத்த நாட்களில் நடந்தன. இரண்டுமே நீண்ட யானை எண்ட்கேம்கள் (ராஜா, யானை, சில சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்), இரண்டிலும் ஆனந்துக்குத் தோல்வி. 6ஆவதில் 60ஆம் நகர்த்தல் வரை டிரா கையில் இருந்தது. அங்கே ஆனந்த் சிப்பாயைத் தள்ளாமல் யானையை நகர்த்தினார், ஆட்டம் போயிற்று. இரண்டு புள்ளி பின்தங்கியதால் 9ஆம் ஆட்டத்தில் துணிந்து தாக்க வேண்டியதாயிற்று. ராஜாவுக்கு வந்த செக்கை மந்திரியால் மறைக்காமல் குதிரையால் மறைத்ததும் அதுவும் முடிந்தது. 6½–3½ என்று கார்ல்சன் வென்றார்.

பான் வழிதான் எனக்கு அழகாகத் தெரிகிறது. ஆனால் எதிராளி யார் என்று மாதங்களுக்கு முன்பே தெரிந்தால்தான் அது செல்லும். ஓபன் டோர்னமென்ட் ஆடும் பிள்ளைகளுக்கு அடுத்த சுற்றின் எதிராளி யாரென்று பெரும்பாலும் முந்தைய சுற்று முடிந்த பிறகுதான் தெரியும். அப்படியிருக்க, பத்து வயதுக் குழந்தையை 20 நகர்த்தல் வரை மெரான் மனப்பாடம் செய்யச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் பாதியை யானை எண்ட்கேமுக்குக் கொடுங்கள். மூன்றாவது மணி நேரத்தில், எதிரில் இருப்பவர் களைத்துப்போன பிறகு, கைகொடுப்பது அதுதான்.