பிக்கப் வண்டிக்குச் சொகுசான ஓட்டம்: ஷாக் அப்சார்பரா, பட்டை ஸ்பிரிங்கா, காற்றுப் பையா?

சுமையில்லாத பிக்கப் வண்டி மேடுபள்ளத்தில் பின்பக்கத்தைத் தூக்கிப்போடுவது பெரும்பாலும் பழுதினால் அன்று. பின் ஸ்பிரிங்கின் விறைப்பு, முழுச் சுமையைத் தாங்குவதற்கென்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சுமை இறங்கியதும் அதே விறைப்பு பாதி எடையின் மேல் வேலை செய்கிறது. ஒரு ஸ்பிரிங் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் அசையும் என்பது, அதன் விறைப்பை அதன்மேல் இருக்கும் நிறையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே முழுச் சுமையில் 1.4 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 1.4 முறை, அசையும் பின்பக்கம், அங்குள்ள எடை பாதியாகக் குறைந்தால் ஏறக்குறைய 2 ஹெர்ட்ஸில் அசையும். பயணியர் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் அமைக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டைத்தான் நம் முதுகு உணர்கிறது. எந்த மாற்றத்தைச் செய்யலாம் என்று கேட்பதற்கு முன், வண்டி பெரும்பாலான நாட்களில் எவ்வளவு எடையோடு ஓடுகிறது என்பதை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு தெரிவும் அந்த விடையைப் பொறுத்தே நல்லதாகவோ வீணாகவோ ஆகிறது.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல பிக்கப்புகளில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில், சுமையற்ற நிலைக்கும் சுமையேற்றிய நிலைக்கும் தனித்தனிக் காற்றழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் உயர்ந்த அழுத்தத்தை நிரப்பிவிட்டு ஆண்டு முழுவதும் வெறும் வண்டியாக ஓட்டுபவர்களே அதிகம். அட்டவணையில் உள்ள அழுத்தத்துக்குக் கீழே போகாமல் இதைச் சரிசெய்தாலே சிறு அதிர்வுகள் கணிசமாக அடங்கும். கனரகப் பயன்பாட்டுக்கான தடித்த பக்கச்சுவர் டயர்கள் தேவையில்லாமல் மாட்டப்பட்டிருந்தால், சஸ்பென்ஷனில் எவ்வளவு செலவழித்தாலும் அந்த விறைப்பு முழுமையாக நீங்காது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அசையத் தொடங்கிய பின் அந்த அசைவை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, ஷாக்கை மாற்றினால் விறைப்பான ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும். ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதித்தால், அல்லது வளைவில் இருக்கும் குழியில் பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளினால், அங்கே ஷாக் மாற்றம் முழுப் பலன் தரும்.

இதில் இரட்டைக்குழாய், ஒற்றைக்குழாய் என்று இரு வகைகள் போட்டியிடுகின்றன. இரட்டைக்குழாயில் உள்குழாயிலிருந்து எண்ணெய் வெளிக்குழாய்க்கு வழிந்து திரும்புகிறது. வாயு இருந்தாலும் அதன் அழுத்தம் குறைவு. மெதுவான சிறு அசைவுகளுக்கு அது எளிதாக இடம் கொடுக்கிறது. ஒற்றைக்குழாயில் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. பிஸ்டன் பெரியது, வெப்பம் நேராக வெளியேறுகிறது, எண்ணெய் நுரைத்துப் பலம் இழப்பதில்லை. ஆனால் அந்த வாயு, ஷாக்கின் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 25 பார் அழுத்தமும் 14 மில்லிமீட்டர் தண்டும் என்று கொண்டால், ஒரு ஷாக்குக்கு ஏறத்தாழ 39 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசை வருகிறது. சீல்களின் பிடிப்பும் சேர்ந்து, நகரச் சாலையில் மெதுவாகப் போகும்போது ஒற்றைக்குழாய் சற்று இறுக்கமாகத் தோன்றுவது இதனால்தான். நெடுஞ்சாலை வேகத்திலும் கரடுமுரடான நீண்ட பயணத்திலும் நான் தயங்காமல் ஒற்றைக்குழாயையே தேர்ந்தெடுப்பேன். நகருக்குள் வெறும் வண்டியாக ஓடுவதே முக்கிய வேலை என்றால், தரமான இரட்டைக்குழாய் போதும். ரான்ச்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் போன்று ஒன்பது நிலைகளில் திருகி மாற்றக்கூடிய ஷாக்குகள், சுமை அடிக்கடி மாறும் வண்டிக்குப் பொருத்தமானவை. ஆனால் சுமைக்கேற்ப இறங்கித் திருகும் பழக்கம் உள்ளவருக்குத்தான் அவை பயன்படும்.

ஷாக் மாற்றியும் சிறு மேடுகளில் 'டக் டக்' என்ற அதிர்ச்சி நீடித்தால், காரணம் பட்டை ஸ்பிரிங்கில் இருக்கிறது. பல பட்டைகளை அடுக்கிக் கட்டிய வழக்கமான அமைப்பில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்த உராய்வை மீறும் அளவுக்கு மேடு பெரிதாக இல்லாவிட்டால் ஸ்பிரிங் அசையவே அசையாது, அதிர்ச்சி நேராகச் சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, போய்விடும். துருவைச் சுத்தம்செய்து, பட்டை நுனிகளில் தேய்ந்துபோன பிளாஸ்டிக் துண்டுகளைப் புதிதாகப் பொருத்துவது குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் வேலை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதற்கு மேல் போக விரும்பினால் பரவளையப் பட்டைகளைப் பார்க்கலாம். நடுவில் தடித்து நுனியை நோக்கி மெலியும் இந்தப் பட்டைகள் எண்ணிக்கையில் குறைவு. நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு மிகக் குறைவு. உராய்வு குறைந்ததால் அசைவை அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷாக்கின் மேல் விழுகிறது. எனவே பழைய ஷாக்கோடு பரவளையப் பட்டையை மாட்டுவதில் பயனில்லை.

பட்டறைகளில் அடிக்கடி கிடைக்கும் அறிவுரை, ஒரு பட்டையைக் கழற்றிவிடுங்கள் என்பது. இதை நான் ஏற்பதில்லை. பல வண்டிகளில் அடியில் நேராகவும் தடிப்பாகவும் இருக்கும் துணைப்பட்டை, வெறும் வண்டியில் வேலையே செய்வதில்லை. மேலுள்ள பட்டைகள் சுமையில் தாழ்ந்த பிறகுதான் அது தாங்கத் தொடங்குகிறது. அதைக் கழற்றினால் சொகுசு கூடாது, சுமைத் திறன் மட்டும் போகும். மேலுள்ள பட்டைகளில் ஒன்றைக் கழற்றினால் மென்மை வரும் என்பது உண்மை; ஆனால் மீதிப் பட்டைகளின் உள்ளே ஏற்படும் இறுக்கம் (தகைவு) ஏறுகிறது, வண்டி தாழ்கிறது, பிரேக் பிடிக்கும்போதும் வேகமெடுக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்கிறது.

காற்றுப் பைகளைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் விற்கும் துணைக் காற்றுப் பைகள், இருக்கிற பட்டைகளோடு இணையாக வேலை செய்கின்றன. அதாவது விறைப்பைக் கூட்டுகின்றன. வெறும் வண்டியில் அவற்றால் சொகுசு கூடாது. குறைந்தபட்ச அழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும். சுமையேற்றும் நாட்களில் பின்பக்கம் தாழ்ந்து ரப்பர் முட்டுகளில் இடிக்காமல் தடுப்பதும் வண்டியை மட்டமாக நிறுத்துவதும் அவற்றின் சிறப்பு. உள்ளீடற்ற ரப்பர் துணை ஸ்பிரிங்குகளும் அதே வேலையைக் கசிவுப் பயமின்றிச் செய்கின்றன, ஆனால் அவற்றின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இவற்றில் எதுவும் அச்சின் அனுமதிக்கப்பட்ட சுமையை ஒரு கிலோகூட உயர்த்தாது.

பட்டைகளை முற்றிலும் அகற்றி முழுக் காற்று ஸ்பிரிங் அமைப்பது வேறு கதை. சுமை ஏற ஏற அழுத்தமும் அதோடு விறைப்பும் ஏறுவதால், அசைவின் வேகம் சுமையற்ற நிலையிலும் சுமையேற்றிய நிலையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது. முதல் பத்தியில் சொன்ன சிக்கலுக்கு உண்மையான தீர்வு இது ஒன்றே. ஆனால் பட்டை ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் இணைப்புக் கைகள், பக்கவாட்டுத் தண்டு, சேசிஸில் புதிய பிடிமானங்கள், கம்ப்ரசர், குழாய்கள் என எல்லாம் வேண்டும். காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றுவதற்கும் இதே பாடுதான். ரேம் 1500 வண்டியில் 2009 மாடலிலிருந்து பின் காயில் ஸ்பிரிங்கும் 2013 மாடலிலிருந்து விருப்பத்தேர்வாகக் காற்று சஸ்பென்ஷனும் வந்தன. 2022 மாடல் டொயோட்டா டண்ட்ராவும் பட்டையைக் கைவிட்டுக் காயிலுக்கு மாறியது. இந்தச் சொகுசு கட்டாயம் வேண்டுமென்றால், பழைய வண்டியை வெட்டி ஒட்டுவதைவிட அப்படிப் பிறந்த வண்டியை வாங்குவதே அறிவுடைமை என்று கருதுகிறேன்.

பின்பக்கத்தை மட்டும் அளவுக்கு மீறி மென்மையாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. 3.2 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது, முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் சுமார் 0.14 நொடி கழித்து ஏறுகிறது. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக அசைந்தால்தான் இரண்டும் விரைவில் ஒன்றுசேர்ந்து வண்டி மட்டமாக அடங்கும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட மெதுவாக அசைந்தால் வண்டி முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே போகும். குலுக்கலைவிட அது தலைச்சுற்றலைத் தரும்.

ஸ்பிரிங், ஷாக் ஆகியவற்றின் இணைப்புத் துளைகளில் பொருத்தும் மென்மையான உருளைத் துண்டுகளான புஷ்களில், சொகுசு வேண்டுவோர் ரப்பரையே வைத்துக்கொள்வது நல்லது. ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைத்தாலும் அதிர்வையும் கிறீச்சொலியையும் உள்ளே கடத்தும். வண்டியின் முழு எடையும் சக்கரங்களின் மேல் நின்ற பிறகே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். பின் அச்சோடு தண்டால் இணைந்த, சுமையை உணரும் பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், பின்பக்க உயரம் மாறியதும் அது சுமையைத் தவறாகக் கணித்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதை உற்பத்தியாளரின் அளவுக்குச் சரிசெய்து, முகப்பு விளக்கின் கோணத்தையும் பார்த்த பின்னரே வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.