பிரதிநிதிகளுக்கான விலக்குரிமை ஆன்லைன் வகுப்பு: ஐந்துக்கு மூன்று

சர்வதேச அமைப்புகளின் கூட்டத்துக்கு நாட்டின் சார்பில் போகிறவர்களுக்கு என்ன சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லித்தரும் வகுப்பு இது. நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1946 பிப்ரவரி 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, ஐ.நா.வின் சிறப்புரிமை, விலக்குரிமை பற்றிய ஒப்பந்தத்தை எடுத்துவைத்து, பிரிவு 11-ஐ வரி வரியாகப் படிக்க வைத்தார்கள். கூட்டம் நடக்கும்போதும் போய்வரும் வழியிலும் கைது கிடையாது, சொந்தப் பெட்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது, ஆவணங்களில் யாரும் கை வைக்கக் கூடாது, பிரதிநிதி என்ற முறையில் பேசியது, எழுதியது, செய்தது எதற்கும் வழக்கு இல்லை. பதவி போன பிறகும் இந்தக் கடைசிப் பாதுகாப்பு நிற்கும் என்பதைப் பிரிவு 12-ஐக் காட்டி அழகாக விளக்கினார்கள். குழுவோடு போகும் ஆலோசகர், செயலாளர் எல்லாரும் பிரதிநிதிக் கணக்கில்தான் வருவார்கள் என்பது எனக்கே புதுசு.

அப்புறம் தேர்வு. மாநாட்டுக்கு வந்த பிரதிநிதி விடுமுறை நாளில் வாடகைக் காரை ஓட்டிப்போய் ஒருவர் மேல் இடித்துவிடுகிறார், நஷ்டஈடு வழக்கு போட முடியுமா என்று கேள்வி. 'முடியும்' என்று போட்டேன், தப்பாம்! ஊர் சுற்றப் போனது எந்த வகையில் பிரதிநிதி வேலை? கைதுதான் கூடாதே தவிர, வழக்கே வராது என்று பிரிவு 11 எங்கும் சொல்லவில்லை. தூதரகத்தில் நிரந்தரமாக இருக்கும் தூதருக்கான விதியை, நாலு நாள் கூட்டத்துக்கு வந்தவர் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டார்கள்.

பிரிவு 14, 15 பற்றி மூச்சே இல்லை. இந்த உரிமை ஆளின் சொந்த வசதிக்கு இல்லை, நீதிக்குத் தடையாக இருந்து, வேலைக்கும் கெடுதல் வராது என்றால் அனுப்பிய நாடே அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது முதலாவது. சொந்த நாட்டு அதிகாரிகளிடம் இந்தப் பாதுகாப்பு செல்லாது என்கிறது அடுத்தது. முதன்முறை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதே இவைதானே?

அதற்குப் பதில், சர்வதேச அமைப்புகளில் நாடுகளின் பிரதிநிதித்துவம் பற்றிய 1975 வியன்னா ஒப்பந்தத்துக்கு அரைமணி நேரம். 35 நாடுகள் சேர்ந்தால்தான் அமலுக்கு வரும், இன்னும் வரவில்லை. அதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

கார் கேள்வியைப் பற்றி எழுதிக் கேட்டேன், அடுத்த தொகுதிக்குள் திருத்துகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த தொகுதியில் சேர்ந்த நண்பரிடம் கேட்டேன், அவருக்கும் தப்பு என்றுதான் வந்ததாம்.