பழகுநர் கிட்டாருக்குத் திரைப்பாட்டு எழுத மியூஸ்ஸ்கோரும் கேப்போவும்: நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கிட்டார் பழகுபவர்களுக்குச் சில ஆண்டுகளாகத் தமிழ்த் திரைப்பாடல்களை எளிமையாக்கி எழுதித் தருகிறேன். பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். வேலை முடிந்து வரும் பெரியவர்களும் உண்டு. என் கருவிகள் இரண்டே: மியூஸ்ஸ்கோர் என்ற, இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருள், ஒரு கேப்போ (கம்பிகளை எல்லாம் சேர்த்து அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி).

முதலில் கேப்போ. பாடுபவர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். முதல் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் முதல் கட்டத்தில்) கேப்போவை மாட்டி, ஜி சுருதிக்கான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வடிவங்களையே வாசித்துவிடலாம். ஜி மைனரில் வரும் பாட்டு இன்னும் நல்ல உதாரணம். ஜி மைனர், இ ஃபிளாட், எஃப், பி ஃபிளாட் எல்லாமே பார் கார்டுகள், அதாவது ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டியவை. புதிதாகப் பழகுபவர் கை ஓய்ந்துவிடும். கேப்போவை மூன்றாவது ஃபிரெட்டில் வைத்தால் அவையே இ மைனர், சி, டி, ஜி. ஆனால் அடி ஒலி கொஞ்சம் மெலியும், அதனால் குழுவில் ஒருவரையாவது கேப்போ இல்லாமல் பேஸ் சுரங்களை வாசிக்க வைப்பேன். மாட்டியதும் ஒருமுறை சுருதி பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்கான் அறைக்கும் வெளிப் புழுக்கத்துக்கும் நடுவே கம்பிகள் நிலையாக நிற்பதில்லை.

மியூஸ்ஸ்கோரில் எனக்குப் பிடித்தது, ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பில்) எழுதியது டேப்பிலும் (எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று காட்டும் குறிப்பிலும்) தானாக வந்துவிடுவது. பாட்டை வேறு சுருதிக்கு மாற்றினால் கார்டு பெயர்களும் கூடவே மாறும். டேப்பில் ஒரு சுரம் தோதில்லாத கம்பியில் விழுந்தால், கன்ட்ரோல் விசையோடு மேல் அல்லது கீழ் அம்பை அழுத்தி அடுத்த கம்பிக்கு நகர்த்தலாம், சுரம் மாறாது. கீபோர்டு நோட்டிலிருந்து எடுத்து எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிட்டார் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

கை எட்டுமா என்பதை மட்டும் எந்த மென்பொருளும் பார்த்துச் சொல்லாது. ஒரு விரல் முதல் ஃபிரெட்டிலும் இன்னொரு விரல் ஆறாவதிலும் இருக்க வேண்டிய இடத்தைக்கூடத் தயங்காமல் வாசித்துக் காட்டும். அதனால் ஒவ்வொரு பாரையும் (இசைக்குறிப்பில் ஒரு தாளக் கட்டம்) கிட்டாரில் மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சிடுகிறேன்.

எதை வெட்டுவது என்பதுதான் உண்மையான வேலை. இடையிசையில் வயலின்கள் எத்தனை அடுக்காக வந்தாலும், மேல் வரியும் பேஸும் இருந்தால் பாட்டு அடையாளம் தெரிந்துவிடும். சி, ஜி, ஏ மைனர் என்று போகும் இடத்தில் பேஸ் சி, பி, ஏ என்று இறங்கினால் அதைத் தொடவே கூடாது. முழு ஜி கார்டை விட்டுவிட்டு, ஐந்தாம் கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டை ஒரே விரலால் பிடித்து, நடு மூன்று கம்பிகளைத் திறந்தபடி மீட்டச் சொல்கிறேன். கைக்கும் சுலபம், இசையும் சரி.

எஃப் கார்டு பிடிக்க வராதவர்களுக்கு முதல் கம்பியைத் திறந்துவிட்டு எஃப் மேஜர் செவன் தருவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் பாடுபவர் எஃப் சுரத்திலேயே நீட்டி நிற்கும்போது, திறந்த கம்பியின் இ அதோடு உரசும். அந்த இடங்களில் முதல் கம்பியை மீட்ட வேண்டாம் என்று தாளிலேயே குறித்துவிடுகிறேன். கமகங்களை டேப்பில் அடைக்க முயல்வதே இல்லை. அவை பாடுபவருடைய பங்கு.

இப்போதுதான் எழுதத் தொடங்குகிறவர் என்றால், பல்லவியை மட்டும் எழுதி ஒரு மாணவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்த பிறகு சரணத்துக்குப் போகலாம்.