18,600 ரூபா போச்சு: இன்சுலினை முகநூலில் வாங்காதீர்கள்

நேற்று இரவு அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி 412. அதற்குத்தான் 18,600 ரூபா கட்டியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பதினாறு வருசமாகச் சீனி வருத்தம். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின், பேனாவால் போடுகிறவ. இந்தத் தவணை கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது, வெளியே எடுங்கோ என்று மருந்துத் துண்டு எழுதித் தந்தார்கள். மாங்குளத்தில் இல்லை, கிளிநொச்சியில் கேட்ட இரண்டு பாமசியிலும் இல்லை. அப்போதுதான் முகநூலில் மருந்து விற்கிற பக்கம் ஒன்று கண்ணில் பட்டது, கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுகிற ஆட்கள். துண்டைப் படமெடுத்து அனுப்பவா என்று கேட்டேன். "அம்மாவுக்குத்தானே அண்ணை, துண்டு என்னத்துக்கு, என்ர அம்மாவும் இதுதான் போடுறவ" என்றான். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். துண்டு கேட்காமல் இன்சுலின் தருகிறவனை நல்ல மனுசன் என்று நினைத்த மடையன் நான். இரண்டு பெட்டி, மொத்தம் பத்துக் குப்பி, 18,600 ரூபா, காசு முழுக்க முதலே போட்டாச்சு.

இரவு பஸ்ஸில் ஐஸ் வைத்து வரும் என்றவன் பகல் பஸ்ஸில் போட்டிருக்கிறான். பின்னேரம் மூன்று மணி, மாங்குளம் சந்தி, கொண்டக்டர் லக்கேஜ் கதவைத் திறந்து தந்த ரெஜிபோம் பெட்டி கையில் சுட்டது. உள்ளே ஐஸ் பை தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பு. சரி, பிரிட்ஜில் வைத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். வராது. சூட்டில் கெட்ட இன்சுலின் திரும்பக் குளிர்ந்தாலும் கெட்டதுதான்.

இரண்டு நாள் அதைத்தான் போட்டா. நேற்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், நேர்ஸ் குப்பியை லைட்டுக்கு நேரே பிடித்து மேலும் கீழும் சரித்துப் பார்த்தா. மருந்தைக் கலக்க உள்ளே இருக்கிற கண்ணாடி மணி ஓடுகிறது, ஆனால் சீராகப் பால் போலக் கலங்க வேண்டிய மருந்து, திரைந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் வந்து பார்த்தால் மற்ற ஒன்பதும் அப்படித்தான்.

விடிய அவனுக்குப் படம் அனுப்பினேன். முதலில் "கலவை மருந்து வெள்ளையாத்தான் அண்ணை இருக்கும், நல்லாக் குலுக்குங்கோ". பிறகு "பஸ்காரரைக் கேளுங்கோ". பிறகு "உங்கட பிரிட்ஜ் பிழை". கடைசியில் "மருந்து திருப்பி எடுக்கமாட்டம்". மத்தியானம் முகநூலில் என்னைத் தடுத்துவிட்டான். இவ்வளவு நேரமும் அண்ணை, அண்ணை. 18,600 ரூபா, எனக்கு அரை மாதச் சம்பளம்.

விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், அம்மாவிடம் போகவேண்டும். துண்டு கேட்காத இடத்தில் வாங்காதீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், உறையவும் கூடாது, ஐஸில் முட்டக்கூடாது, பிரீசர் வேண்டவே வேண்டாம். கலவை மருந்தை ஒவ்வொரு முறையும் சரித்துக் கலக்கி வெளிச்சத்தில் பாருங்கள், கட்டி நின்றால் போடாதீர்கள். சீனி ஏறினால் நீங்களாக யூனிட்டைக் கூட்டவோ ஊசியை நிறுத்தவோ வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், பொலிசுக்குச் சேர்ந்து போகலாம். பெட்டியும் சிட்டையும் என்னிடம் இருக்கு.