பத்துப் பேருக்கு ஒரே டிக்கெட்: குழித்துறை – திருவனந்தபுரம் பாசஞ்சர்

திருவனந்தபுரத்துக்குக் கூட்டமாகப் போகிற நம் குமரி மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அவசரம் இல்லையென்றால் எக்ஸ்பிரஸைப் பார்க்காதீர்கள். சாதாரண பாசஞ்சரில், முன்பதிவில்லா டிக்கெட்டில் போங்கள். அங்கே ‘சாலை’ என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க, ஆஸ்பத்திரிக்கு, ஆற்றுகால் அம்மன் கோயிலில் பெண்கள் கூடிப் பொங்கலிடும் பொங்காலைக்கு என்று எங்கள் மகளிர் குழு எதற்குப் புறப்பட்டாலும் பயணக் கணக்கு என் கையில்தான். அதனால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

காரணம் எளிது. பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸில் 30 ரூபாய். அந்த அளவில் வைத்துப் பார்த்தாலே பத்துப் பேருக்கு 200 ரூபாய் மிச்சம். ஊரில் இறங்கிப் பத்துப் பேரும் வயிறாரத் தேநீரும் பழம்பொரியும் சாப்பிட்டுவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு இதே பாசஞ்சர்களில் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இன்னும் பலர் அந்த 30 ரூபாய் நினைப்பிலேயே பஸ்ஸுக்குப் போகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டு சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை அது பெரிய உதவி. ஆனால் எல்லை தாண்டினால் அந்தச் சலுகை நின்றுவிடுகிறது. அதன்பின் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் பாதி நாள் போய்விடுகிறது. ரயிலுக்கு எல்லையே தெரியாது. குழித்துறை, குழித்துறை மேற்கு, அடுத்தது பாறசாலை. பேச்சு மும்முரத்தில் கேரளம் வந்ததைக்கூட யாரும் கவனிப்பதில்லை.

கவுண்டரில் பத்துப் பேரும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஒருவர் நின்று மொத்தமாகக் கேட்டால் போதும். வருகிற சீட்டில் பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை என்று அச்சிட்டிருக்கும். நகருவதற்கு முன் அந்த இரண்டு எண்களையும் தலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்கு அரை டிக்கெட். பிள்ளை வளர்த்தியாக இருந்தால் வயதுச் சான்று ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையும் கொண்டு போங்கள். பின்னால் நிற்கிறவர்களுக்குச் செய்கிற உபகாரம் அது.

செல்போனில் எடுப்பது இன்னும் வசதி. ஆனால் அச்செடுக்காமல் போனிலேயே காட்டுகிற காகிதமில்லா டிக்கெட் எடுத்தால், போன் வைத்திருப்பவரும் மற்றவர்களும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஆளுக்கொரு பெட்டியில் ஏறிவிட்டால், பரிசோதகர் வரும்போது ஜன்னல் வழியாக "மைனி, போன் யாரிடம் இருக்கிறது?" என்று கூவ வேண்டியதுதான். எங்கள் குழுவில் வழக்கம் இது: போன்காரர் முதலில் ஏறுவார், மற்றவர்கள் அவர் பின்னாலேயே அதே கதவில். காலை வண்டியில் நெய்யாற்றின்கரை தாண்டினால் வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் நெருக்கும், ஆகவே வயதானவர்களை முதலிலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

தினமும் போகிறவர் குழுவில் இருந்தால் கணக்கு வேறு. சீசன் டிக்கெட்டை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்று மாத சீசனுக்கு, ஒரு மாதக் கட்டணத்தின் 2.7 மடங்குதான். 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். பழைய சீசன் முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம். ஆனால் அது ஒருவர் பெயரில் மட்டுமே. அக்காள் சீசனில் தங்கை போக முடியாது.

ஆர்.சி.சி. என்கிற திருவனந்தபுரம் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்தில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். 2020 மார்ச்சில் பல சலுகைகளை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. குழித்துறையிலிருந்து போகிறவருக்கு இதில் பெரிய மிச்சம் இராது. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ புனலூர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் வருகிறவருக்குத்தான் இது கைகொடுக்கும். மருத்துவமனை தருகிற சான்றிதழ் ரயில்வே கேட்கும் படிவத்தில் இருக்க வேண்டும். நோயோடு அலைகிற குடும்பத்திடம் இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று பல முறை மனம் நொந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய சலுகைகளில் ஒன்று, 58 வயது முடிந்த பெண்களுக்கு இருந்த 50 சதவீதம். எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்த வயதுக்காரர்கள். அதைத் திரும்பத் தர வேண்டும். அதோடு, கூட்டமாகப் போனால் தலைக்கு விலை குறைகிற டிக்கெட் ஒன்றும் வேண்டும். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்காள் மகன் பவேரியா மாநில டிக்கெட்டைப் பற்றிச் சொன்னான். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் அந்த மாநிலத்துப் பிராந்திய ரயில்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். ஆள் கூடக்கூடத் தலைக்கு விலை குறையும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் அதே டிக்கெட்டாம். இரண்டு நாடுகளுக்கு நடுவில் முடிகிற காரியம், ஒரே ரயில்வேக்குள் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ஏன் முடியாது? காலைக் கூட்டம் வடிந்த பிறகு காலியாக ஓடுகிற வண்டிகளில் அப்படி ஒன்று கொடுத்தால், குமரி மாவட்டத்துப் பெண்களே அந்தப் பெட்டிகளை நிறைத்துவிடுவார்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைக்க நினைக்க வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லா டிக்கெட்டில், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள்ளோ அதற்குப்பின் வருகிற முதல் வண்டியிலோ ஏறியாக வேண்டும். பொங்காலை நாளில் தம்பானூரில் இருக்கிற திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் வரிசை ரோடு வரைக்கும் நீளும். ஆற்றுகாலில் நைவேத்தியம் முடிந்து பானையைத் தலையில் ஏற்றியதும் எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்து வாருங்கள். உள்ளே நுழைவதற்கு முன்பே, வெளியில் நின்று, போன்காரர் டிக்கெட்டை எடுத்துவிடட்டும்.