வாடகை உளிக்கலப்பை: செங்கம் பக்கத்துச் செம்மண் கொல்லையில் ஓட்டிப் பார்த்தது

எங்கள் கொல்லை செங்கம் பக்கம், மானாவாரிச் செம்மண். ஆடியில் நிலக்கடலை, ஊடே வரிசைக்குத் துவரை. பல வருஷமாக ஒன்பது கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும்தான். மேலே அரை அடி மண் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் வரும். தையில் துவரைக் கட்டையைப் பிடுங்கினால் ஆணிவேர் முக்கால் அடி இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. செம்மண்ணில் களி அடியில் இறங்கி, இரும்பு ஆக்சைடு சேர்ந்து தானாகவே இறுகும். வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுதால் இன்னும் கெட்டிப்படும். அதனால்தான் இந்தக் கோடையில், இறுகிய அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பை.

வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கிடைக்கும், உழவன் செயலியில் பதியலாம். நான் கூப்பிட்டது பக்கத்து ஊரில் ஒருவர் வைத்திருக்கும் வண்டியை. 50 எச்.பி. டிராக்டர், ஒற்றைக் கொழு, மணிக்கு 1,300 ரூபாய்.

வந்த தம்பி ஓட்டுவதில் கெட்டிக்காரர். சால் நூல் பிடித்த மாதிரி போனது. ஆனால் மூன்று அடிக்கு ஒரு சால் என்று ஆரம்பித்தார். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது அரை மீட்டர் இடைவெளி, 40 சென்டிமீட்டர் ஆழம், முதலில் ஒரு திசை, அப்புறம் குறுக்கே. "எல்லாரும் இப்படித்தாண்ணே ஓட்டறாங்க" என்றார். எல்லாரும் அப்படி ஓட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு டிராக்டர் 8 கிலோமீட்டர் போக வேண்டும், அதுவும் நடை வேகத்தில். ஒரு திசைக்கே எனக்கு ஏக்கருக்கு நாலாயிரத்தைத் தாண்டியது. குறுக்கே ஓட்டக் காசில்லை. சரிவுக்குக் குறுக்காக ஒரு திசையோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வேலையில் ஆள் பின்னாலேயே நிற்க வேண்டும். மேலே பார்த்தால் எல்லாச் சாலும் ஒன்று போலத்தான் தெரியும். கம்பியை விட்டுப் பார்த்தேன். நடுவில் 16 அங்குலம், கிழக்கு ஓரத்தில் 10 கூட இல்லை. அங்கே பாறை இருக்கிறது என்று ஹைட்ராலிக்கைத் தூக்கிவிட்டார். "போல்ட் ஒடிஞ்சா உங்க கணக்குதாண்ணே" என்றார். பாறையில் மோதினால் கலப்பை தப்பிக்கட்டும் என்றுதான் அந்த போல்ட்டையே வைத்திருக்கிறார்கள். விலை பெரிதாக இல்லை. ஒன்றை நான் வாங்கித் தருகிறேன் என்ற பிறகுதான் கொழு இறங்கியது. ஒரு போல்ட் ஒடிந்தது, மாற்றினோம், வேலை நடந்தது. மாற்று போல்ட் இல்லாமல் வண்டியைக் கொல்லைக்கு அனுப்பியது உரிமையாளர் மேல் எனக்குள்ள குறை. அவ்வளவு காசு வாங்குகிறவர் இதைப் பார்க்க வேண்டாமா?

மண்ணின் பதம் இன்னொரு விஷயம். சித்திரை மழை பெய்த மறுநாளே வரச் சொல்லாதீர்கள். ஈரத்தில் கொழு கத்தி மாதிரி கீறிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அடிமண் காய்ந்திருந்தால்தான் இரண்டு பக்கமும் விரிந்து நொறுங்கும். மேலே பெரிய பெரிய கட்டிகள் வரும், கல்லும் வரும். அதற்கு ஒருமுறை கொத்துக் கலப்பை ஓட்டும் செலவு தனி. அடிமண்ணைப் புரட்டி மேலே கொண்டு வராதது இந்தக் கலப்பையின் நல்ல குணம்.

பலன் தெரிந்ததா என்றால், தெரிந்தது. ஆடி மழைக்கு வழக்கமாக ஓடையில் செந்தண்ணீர் போகும்; இந்த முறை பெரும்பாலும் கொல்லையிலேயே சுவறியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஓரப் பட்டையை ஓட்டாமல் விட்டிருந்தேன். கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயத்தில் மழை இழுத்துக்கொண்டபோது அந்தப் பட்டையில் செடி பத்து மணிக்கே இலை மடக்கியது. ஓட்டிய இடத்தில் மதியம் வரை நின்றது. மூட்டைக் கணக்கை ஒரே பட்டத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

கோடையில் தானாகவே ஆழமாக வெடிக்கும் கரிசல் மண்காரர்கள் கடப்பாரை போட்டுப் பார்க்காமல் காசைக் கொட்ட வேண்டாம். செம்மண்ணில் இப்படி அடியில் கெட்டித் தட்டு இருந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். ஓட்டிய கையோடு தொழு உரம் போட வேண்டும், ஏக்கருக்கு 5 டன். பாரத்தில் மண் மறுபடி இறுகாமல் இருக்க, அந்த உரத்தை முழுச்சுமை டிரெய்லரில் கொல்லை நடுவே கொண்டுபோகாமல் வரப்போரம் கொட்டி, ஆள் வைத்து இறையுங்கள்.

கலப்பைக்கு ஐந்துக்கு நாலரை, ஓட்டின தம்பிக்கு நாலு, உரிமையாளருக்கு இரண்டரை. அடுத்த முறையும் இதே வண்டியைத்தான் கூப்பிடுவேன். இடைவெளி, ஆழம், போல்ட் மூன்றையும் முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்வேன்.